ஒரு தாள், இரண்டு பக்கம், இரண்டு பேர்: ஓர் ஓவியக் குறிப்பேட்டுப் பெட்டியின் மதிப்புரை

2025 ஏப்ரலில், மகளின் நான்காம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்தில், பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. இணையக் கடையொன்றில் 1,499 ரூபாய் கட்டி நான் வரவழைத்த அந்தப் பெட்டியின் மூடியில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நிரப்பும் ஓவியக் குறிப்பேடு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மகளுக்கு வயது ஒன்பது; கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைபவள். நான் எட்டாம் வகுப்புக்குப் பிறகு தூரிகையைத் தொட்டதில்லை. எங்கள் இருவரையும் ஒரே ஏட்டுக்குள் உட்கார வைக்க ஒரு பெட்டியால் முடியுமா என்ற ஆவலில்தான் வாங்கினேன். கோடை விடுமுறை முழுவதும், பள்ளி திறந்த பின் சனி ஞாயிறுகளிலும், சுமார் மூன்று மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். கடையின் பெயரையும் பெட்டியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இதே அச்சில் வார்த்த பெட்டிகள் பல பெயர்களில் சந்தையில் இருப்பதால், எந்தப் பெட்டியை வாங்க நினைப்பவருக்கும் இங்கே சொல்வது உதவக்கூடும்.

ஓவியக் குறிப்பேடு என்பது ஓவிய நோட்டும் அன்று, நாட்குறிப்பும் அன்று. அன்றைக்கு மனத்தில் நின்ற ஒன்றை வண்ணத்தாலோ, வரைந்தோ, ஒட்டியோ, இரண்டு வரி எழுதியோ ஒரு பக்கத்தில் இறக்கி வைப்பதுதான் அதன் வேலை. பேருந்துப் பயணச்சீட்டு, வேப்பிலை, மாம்பழத்தின் மேல் ஒட்டியிருந்த வட்டச் சீட்டு, ஆச்சியின் பழைய சேலைக் கரையில் ஒரு துண்டு என எதுவும் அதற்குள் போகலாம். நாங்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு எளியது. ஏட்டை விரித்தால் இடப்பக்கம் அவளுடையது, வலப்பக்கம் என்னுடையது. ஒருவர் பக்கத்தில் மற்றவர் கேட்காமல் கை வைக்கக் கூடாது. "நீங்க திருத்தவும் கூடாதுப்பா" என்று மூன்றாவது விதியை அவளே சேர்த்தாள்.

பெட்டிக்குள் இருந்தவை: ஏ5 அளவில், இரட்டைக் கம்பி வளையமிட்ட 40 தாள் ஏடு, 12 நீர்வண்ண வில்லைகள், தூரிகை முனை கொண்ட 6 பேனாக்கள், இரண்டு தூரிகைகள், அலங்கார டேப் மூன்று சுருள், ஒரு பசைக்குச்சி, எதை வரையலாம் என்று யோசனை தரும் 24 தூண்டல் அட்டைகள், ஸ்டிக்கர் தாள்கள், இவை அனைத்தையும் போட்டுவைக்க ஒரு துணிப்பை. பார்வைக்கு நிறைவாகவே இருந்தது. துணிப்பையின் தையலும், பெரிய தூரிகையின் மயிர் உதிராத தன்மையும் பாராட்டத் தக்கவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாராட்டுக்கான இடம் பின்னால் அதிகம் இல்லை.

ஏட்டைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். தாளின் கனம் 150 ஜி.எஸ்.எம். என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஒரு சதுர மீட்டர் தாளின் எடையை கிராமில் சொல்வதே இந்தக் கணக்கு. பள்ளி நோட்டுத் தாள் 60ஐ ஒட்டியும், ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரையும், நல்ல நீர்வண்ணத் தாள் 300ஆகவும் இருக்கும். நீரை அளவோடு பயன்படுத்தினால் 150 ஒப்பேறும். ஆனால் முதல் வாரத்திலேயே, மகள் நீலத்தை ஒரு பக்கம் முழுக்கப் பூசியதும் தாள் அப்பளம்போல் நெளிந்தது. எனக்கு ஐயம் வந்தது. ஏ0 தாள் என்பது சரியாக ஒரு சதுர மீட்டர். அதை ஐந்து முறை பாதி பாதியாக மடித்தால் கிடைப்பது ஏ5. ஆகவே 32 ஏ5 தாள்களின் எடை எவ்வளவு கிராமோ, அதுவே அந்தத் தாளின் ஜி.எஸ்.எம். கம்பி வளையத்தைச் சற்று விரித்து, பயன்படுத்தாத 32 தாள்களை உருவியெடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தோம். 121 கிராம் காட்டியது. வளையத்துக்காகக் குத்திய துளைகளில் போனது ஓரிரு கிராம் என்று விட்டுக்கொடுத்தாலும், 150க்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். பின்னங்களைப் பள்ளியில் அப்போதுதான் படித்து முடித்திருந்த மகளுக்கு, ஐந்து மடிப்பில் 32 வந்தது பெரிய வேடிக்கை. எனக்கு அது வேடிக்கையாக இல்லை.

தாள் நெளிவதற்குக் காரணம் இருக்கிறது. மரக்கூழ் இழைகள் நீரைக் குடித்துப் பருக்கும். இயந்திரத்தில் ஓடி வரும் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதால், நீளவாக்கில் குறைவாகவும் குறுக்குவாக்கில் கூடுதலாகவும் தாள் விரியும். நனைந்த இடம் விரிய, நனையாத இடம் அப்படியே நிற்க, நடுவில் மேடும் பள்ளமும் ஆகும். காய்ந்த பிறகு பக்கத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் ஓரளவு நேராகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுக்க வேண்டிய ஏட்டை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்று விற்பது முறைதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

நெளிவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மை ஊடுருவுவது. எங்கள் ஏற்பாட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம் என்னுடையது என்றால், அந்தத் தாளைப் புரட்டியதும் வரும் இடப்பக்கம் அவளுடையது. அதாவது ஒவ்வொரு தாளின் முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவளுக்கு. தனியாள் ஏடு என்றால் பின்பக்கத்தை வெற்றாக விட்டுக் கடந்துவிடலாம்; இருவர் ஏட்டில் வெற்றுப் பக்கம் என்று ஒன்று இல்லை. பெட்டியில் வந்த கறுப்புப் பேனாவால் நான் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையை அக்கறையாக வரைந்தேன். மறுநாள் காலையில் அவள் பக்கத்தைத் திறந்தபோது, என் பாய்லரும் கண்ணாடி டம்ளர்களும் இடவலம் மாறிய நிழலாக அங்கே உட்கார்ந்திருந்தன. விதியை மீறியவன் நான்தான் என்று தீர்ப்பாயிற்று. மறுபக்கம் கை வைத்தது பேனாதான் என்ற என் வாதம் எடுபடவில்லை. அன்று மாலைவரை ஏடு திறக்கப்படவில்லை. இருவர் பகிரும் ஏட்டில் தாளின் கனம் என்பது வீட்டு அமைதியைச் சேர்ந்த விஷயம். பெட்டியை வடிவமைத்தவர்கள் அதை ஒருவரோடொருவர் உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்திருந்தால் இது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

பிறகு நாங்கள் கண்ட வழி, இரண்டிரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டி ஒரே தாளாக்குவது. ஓவியக் குறிப்பேடு எழுதுபவர்களிடையே இது பழகிய உத்திதான். பசைக்குச்சியை விளிம்புகளில் நெருக்கமாகவும், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகவும் தேய்த்து ஒட்டி, இரவு முழுக்கத் தடித்த புத்தகங்களின் கீழ் வைத்துவிட்டால், மறுநாள் விறைப்பான ஒரு தாள் கிடைக்கும். மை அதற்கப்பால் போகவில்லை. ஆனால் பெட்டியில் வந்த பசைக்குச்சி ஆறு தாளுக்குள் தீர்ந்துவிட்டது. மீதிக்கு ஃபெவிஸ்டிக் வாங்கினேன். மிச்சமிருந்த தாள்களும் பாதியாயின. 1,499 ரூபாய்க்கு வாங்கிய 40 தாள் ஏடு, உண்மையில் இருபத்துச் சொச்சம் தாள் ஏடு என்று கொள்க.

வண்ண வில்லைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிறமியையும் பிசினையும் விடச் சுண்ணத்தூள் மிகுதி. எவ்வளவு தேய்த்தாலும் சிவப்பு இளஞ்சிவப்பாகவே வருகிறது, காய்ந்ததும் விரலில் பொடியாக ஒட்டுகிறது. இரண்டே வாரத்தில் நாங்கள் கேமல் போஸ்டர் கலருக்கு மாறிவிட்டோம். நம் ஊர்ப் பிள்ளைகள் பல தலைமுறையாக அறிந்த குப்பிகள் அவை. 1931இல் மைப்பொடி விற்கத் தொடங்கிய கேம்லின் நிறுவனம், 2011இல் ஜப்பானின் கோகுயோவிடம் பெரும்பங்கு போன பிறகும் அந்த ஒட்டகச் சின்னத்தை விட்டுவிடவில்லை. போஸ்டர் கலர் ஒளி ஊடுருவாத வண்ணம் என்பதால் கீழே உள்ள பிழையை மூடிவிடும். நீரும் குறைவாகவே தேவைப்படும். மெல்லிய தாளுக்கும் துணிச்சல் குறைந்த அப்பனுக்கும் ஏற்றது.

பெட்டியில் ‘நச்சற்றது’ என்று அச்சிட்டிருந்ததே தவிர, எந்தச் சோதனையின்படி நச்சற்றது என்று ஓர் எழுத்துகூட இல்லை. கன உலோகங்கள் கசிவதை அளந்து வரம்பு வைக்கும் ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் தரமான இ.என். 71 போன்ற ஏதேனும் ஒரு குறியைப் போட்டிருக்கலாம். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு என்பதால், இந்த வெறுமை எனக்கு உறுத்தியது.

அலங்கார டேப்பின் கதை வேறு. பெட்டியில் அதை ‘வாஷி டேப்’ என்று குறித்திருந்தார்கள். வாஷி என்றால் ஜப்பானியத் தாள். ஈ ஒட்டும் தாள் செய்வதற்காக 1923இல் குராஷிகியில் தொடங்கிய காமோய் என்ற நிறுவனம், பிற்காலத்தில் பெயின்டர்களுக்கான தாள் டேப்புக்கு மாறி, அங்கிருந்து இந்த நூற்றாண்டில் வண்ண அலங்கார டேப்பைப் பரப்பியது. கையால் கிழிக்க வரும், ஒட்டிய பிறகு தாளைக் கிழிக்காமல் பிரிக்க வரும் என்ற இரண்டும்தான் அதன் சிறப்பு. எங்களுக்கு வந்ததோ பளபளக்கும் பிளாஸ்டிக். பல்லால் கடித்தும் கிழியவில்லை. ஒருமுறை ஒட்டியதைப் பிரித்தபோது மகள் வரைந்திருந்த பூனையின் காதும் உடன் வந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் பெயின்டர்கள் வாங்கும் மஞ்சள் நிறத் தாள் டேப் இதைவிடப் பலமடங்கு மேல். அதன்மேல் நாமே கோலமோ கோடோ போட்டுக்கொள்ளலாம்.

இனித் தூண்டல் அட்டைகள். என் முதன்மையான குறை தாளைவிட இவற்றின் மேல்தான். 24 அட்டைகளில் பாதிக்கு மேல், எங்கிருந்தோ அப்படியே எடுத்து அச்சிட்டவை. ‘பனி பெய்த முதல் நாளை வரைக’ என்று ஓர் அட்டை. ‘உதிரும் இலைகளின் வண்ணங்கள்’ என்று இன்னொன்று. பாளையங்கோட்டையில் மே மாதத்தில் உட்கார்ந்து இதை வாசித்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அட்டையின் பின்புறத்தில் இருந்தவை அதைவிடக் கெடுதல். ஒவ்வோர் அட்டைக்குப் பின்னும் ‘பெற்றோருக்கு’ என்ற தலைப்பில், பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், முடித்ததும் எத்தனை பொன் நட்சத்திரம் தர வேண்டும் என்ற குறிப்புகள். அந்த நட்சத்திர ஸ்டிக்கர்கள் ஒரு முழுத் தாள் நிறைய இருந்தன. இப்படிச் செய்தவுடன் சேர்ந்து வரைகிற இருவரில் ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் ஆகிவிடுகிறார்கள். மூடியில் எழுதியிருந்த ‘சேர்ந்து’ என்ற சொல்லைப் பெட்டியே உள்ளிருந்து அடித்துவிடுகிறது. நான் ஒருமுறை விளையாட்டாக அவளுக்கு நான்கு நட்சத்திரம் ஒட்டினேன். அவள் என் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கைகளை வரைந்த விதம் சரியில்லை என்று சொல்லி இரண்டு ஒட்டினாள். அதோடு நட்சத்திரம் வழங்கும் படலம் எங்கள் வீட்டில் நின்றுபோனது.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: எங்கள் ஏட்டின் மிகச் சிறந்த இரட்டைப் பக்கம், அந்தப் பனி அட்டையால்தான் கிடைத்தது. பனியை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டவள், அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் பார்த்தது வெள்ளம்தான் என்றாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாகி, தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. சரி, இருவரும் அதையே வரைவோம், முடிக்கும்வரை ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்ப்பதில்லை என்று பேசி, நடுவில் ஒரு அட்டையை நிறுத்தி வைத்துக்கொண்டோம். நான் வரைந்தது வாசற்படிகள். மூன்று படியில் இரண்டு மூழ்கி, மூன்றாவதில் தண்ணீர் தொடப் போகும் கோடு. ஓரத்தில் பாதி முங்கிய என் ஸ்கூட்டர். அவள் பக்கத்தில் தண்ணீரே மிகக் குறைவு. மாடிப்படியில் கட்டி வைத்திருந்த அடுத்த வீட்டுக் கோழி பெரிதாக நின்றது. நான் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், என் முகத்தில் வாய் வரையப்படவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அன்று முழுவதும் நான் ஒன்றுமே பேசவில்லை என்றாள். மேலே, மழை விட்ட பிறகு மின்சாரம் இல்லாத இரவில் மொட்டைமாடியிலிருந்து பார்த்த வானம். அந்த வானத்துக்கு மட்டும் மிச்சமிருந்த பொன் நட்சத்திரங்கள் அத்தனையையும் ஒட்டித் தீர்த்திருந்தாள். ஒரே வீட்டில் ஒரே நாட்களைக் கழித்த இருவரின் நினைவும் இவ்வளவு விலகியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பேனாக்களின் நிறம் எவ்வளவு நாள் தாங்கும் என்று அறிய ஒரு சிறு சோதனையும் செய்தோம். ஒரு துண்டுத் தாளில் ஆறு பேனாக்களாலும் பட்டைகள் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு நோக்கிய சன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். கூடவே மகளின் விருப்பப்படி ஒரு மஞ்சள் பட்டை. சமையல் மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி, அதன் ஒரு முனையில் நீர்த்த சுண்ணாம்பைத் தொட்டதும் அது கணத்தில் சிவந்தது. ஆரத்தித் தட்டில் நடக்கும் அதே வேதியியல்தான்: மஞ்சளின் நிறப்பொருள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். ஆனால் வெயில் அதற்குப் பகை என்பதால் பத்து நாளில் மஞ்சள் மங்கிவிட்டது. நான்கு வாரம் கழித்து அட்டையை எடுத்தபோது, இளஞ்சிவப்பும் ஊதாவும் பாதிக்கு மேல் வெளுத்திருந்தன, கறுப்பு பழுப்பாகியிருந்தது. இவை கரையும் சாயத்தால் ஆன சாய மை பேனாக்கள் என்பது இதிலிருந்து தெளிவு. ஏடு மூடியே இருக்கும் பொருள் என்பதால் இதைப் பெருங்குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவர்கள், கரையாத நிறத்துகள் கொண்ட நிறமி மை பேனாவைத் தேடுவது நல்லது. நீர் பட்டாலும் அது கலையாது.

ஜூன் கடைசியில் அந்த ஏடு முடிந்தது. அதே நிறுவனத்தின் மாற்று ஏட்டை வாங்குவதற்கு முன், தாளின் எடையைப் பற்றி எழுதிக் கேட்டேன். தராசின் படத்தையும் இணைத்திருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அடுத்த கொள்முதலுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு, ஒரு நன்றி. கேள்விக்கு விடை இல்லை.

இரண்டாவது ஏட்டை நாங்களே தைத்தோம். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைத்தாள் பிரிவு 1959 முதல் இயங்கி வருவதால், அந்த ஊரில் கைத்தாள் பழகிய பொருள்; அங்கே ஒரு சிறு கடையில் முன்பு வாங்கி வைத்திருந்த பெரிய தாள்கள் பீரோவில் கிடந்தன. பனியன் ஆலைகளின் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் இவ்வகைத் தாளில், இழைகள் எல்லாத் திசையிலும் விழுவதால் நனைந்தாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதில்லை. பின்பக்கம் மை போவதும் எங்கள் தாளில் இல்லை. சொரசொரப்பு அதிகம் என்பதால் மெல்லிய முனைப் பேனா சிக்குகிறது என்பது உண்மை. தாள்களை ஏ5 அளவுக்குக் கிழித்து மடித்து, நான்கு நான்காக அடுக்கி, மடிப்பில் ஐந்து துளையிட்டு, மெழுகுவத்தியில் இழுத்த தடித்த நூலால் கோத்தோம். தையலின் முதல் பாதி அவளுடையது, கோணல்; பின்பாதி என்னுடையது, அதைவிடக் கோணல். இந்த ஏட்டில் தூண்டல் அட்டைகள் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு ஆளுக்கொரு சொல்லைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுக்கிறோம். போன வாரம் வந்தது ‘பொரிகடலை’.

செலவுக் கணக்கைக் கேட்பவர்களுக்கு: போஸ்டர் கலர், இரண்டு தூரிகை, ஃபெவிஸ்டிக், தாள் டேப், நிறமி மை பேனா ஒன்று, இவற்றோடு கடையில் கிடைக்கும் 200 ஜி.எஸ்.எம். வெற்று ஏடு ஒன்று என எங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் தனித்தனியாக வாங்கினால், இந்தப் பெட்டி விலையில் ஏறத்தாழ பாதிதான் ஆகும். பிறந்தநாளுக்கு அவசரமாக ஒரு பரிசு வேண்டும், கட்டிய பொதியாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கலாம். கொடுக்கும்போது அழகாக இருக்கும். வாங்குபவர்கள் முதல் நாளே தாள்களை ஒட்டிவிடட்டும், அட்டைகளின் பின்புறத்தை மட்டும் வாசிக்காமல் இருக்கட்டும். அந்த அட்டைகள் புத்தகத்துக்கு நல்ல பக்கக்குறிகள் ஆகின்றன. பனி அட்டை இப்போது என் மகளின் அறிவியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.